லாரி இல்லாத சைக்கிள் பாதை: ஜெர்மனியின் லவுசிட்ஸ் ஏரிகள்

கேள்வி:
வயசு 61. தஞ்சாவூர் புது ஆத்தங்கரையில தினமும் மிதிப்பேன். மணல் லாரி வந்தா இறங்கி ஒதுங்கணும். ஜூன்ல கோட்புஸ்ல இருக்கிற மகன்கிட்ட போறேன். பழைய நிலக்கரிச் சுரங்கங்கள் ஏரியான பக்கம் நிம்மதியா ஓட்டலாமா? முழங்கால் தாங்குமா?

பதில் 1:
தாங்கும் அண்ணே. ஸென்ஃப்டன்பெர்க் ஏரியில ஆரம்பிங்க. சுத்திவர சுமார் 18 கிலோமீட்டர், நம்ம டெல்டா மாதிரி சமதரை. 1967ல ஆத்துத் தண்ணிய விட்டு, நிரம்ப 1972 ஆச்சு. மேட்டூர்த் தண்ணி கடைமடைக்கு வரக் காத்திருக்கிற நமக்கு அந்த அஞ்சு வருசம் புரியும்.

பதில் 2:
தடைப் பலகை வச்ச கரைக்கு மட்டும் போகாதீங்க. சுரங்கத்துல கொட்டின மண்ணு, தண்ணி ஊறினா குழம்பாகிச் சரியும்.

கேட்டவர்:
நன்றி தம்பி. நெய்வேலிக் குழியைப் பார்த்தவன் நான். அப்படி ஒண்ணு ஏரியா நிக்கிறதைக் கண்ணால பார்க்கணும்.