தடை எழுத்தில் வராது, போனில்தான் வரும்: நாடகக் குழுக்களின் அனுபவப் பகிர்வு

மூணாவது மணி:
நாடகம் போட போலீஸ் அனுமதி வேண்டுமா என்று இங்கே அடிக்கடி கேட்கிறார்கள். வசனத்தை முன்கூட்டியே காட்டி ஒப்புதல் வாங்கும் கட்டாயம் இப்போது இல்லை. எம்.ஆர்.ராதாவின் ராமாயண நாடகத்தைக் குறிவைத்தது என்று பேசப்பட்ட 1954-ஆம் வருடத்து நாடகச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் செல்லாது என்று, எழுத்தாளரும் நாடகக்காரருமான ஞாநி தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2013 ஜனவரியில் சொல்லிவிட்டது. அதற்கு முன்னோடியான 1876-ஆம் வருடத்து வெள்ளைக்காரன் சட்டத்தையும் பிற்பாடு நாடாளுமன்றமே நீக்கிவிட்டது.

ஆனாலும் சில ஹால்களில் போலீஸ் கடிதம் கேட்பார்கள். அப்போது 'அனுமதி கோரி' என்று எழுதாதீர்கள். 'தகவலுக்காகவும் பாதுகாப்பு வேண்டியும்' என்று எழுதுங்கள். அனுமதி கேட்டுவிட்டால், மறுக்கிற உரிமையை நாமே தூக்கிக் கொடுத்தது மாதிரி. குழுவின் பெயர், தேதி, நேரம், இடம், எத்தனை பேர் வருவார்கள், பொறுப்பாளர் செல் நம்பர், இரண்டு வரிக் கதைச் சுருக்கம் போதும். முழு ஸ்கிரிப்டை இணைக்க வேண்டாம். இரண்டு நகல் எடுத்துப் போய் ஒன்றில் ஸ்டேஷன் முத்திரையும் தேதியும் வாங்கி வாருங்கள்.

வீதி நாடகத்தின் கதை வேறு. சென்னையில் பொது இடத்தில் ஆள் கூட்டினால் நகரப் போலீஸ் சட்டத்தின் 41-ஆம் பிரிவு வந்துவிடும். ஐந்து நாளுக்கு முன்பே மனு கொடுக்க வேண்டும். மைக் வைத்தால் அதற்குத் தனி அனுமதி, இரவு 10 மணிக்கு மேல் கிடையாது.

பின்மேடை:
இதெல்லாம் சரி தோழர், ஆனால் சிக்கல் ஸ்டேஷனில் ஆரம்பிப்பதில்லை. நாடகத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் ஹால் மேனேஜர் போன் பண்ணுவார். "ஒன்னுமில்ல சார், ஜெனரேட்டர் ரிப்பேரு. வேற தேதி பாத்துக்கலாமே." எழுத்தில் உத்தரவு போட்டால் கோர்ட்டில் போய் நிற்க வேண்டும், அதனால் எழுதவே மாட்டார்கள்.

போனை வைத்ததும் மெயில் அனுப்புங்கள்: "இன்று இத்தனை மணிக்குத் தொலைபேசியில் நீங்கள் சொன்னபடி நிகழ்ச்சி ரத்து என்று புரிந்துகொள்கிறோம். காரணத்தை எழுத்தில் தெரிவிக்கவும்." பாதி மேனேஜர்கள் இதற்கே இறங்கி வருவார்கள். வராவிட்டாலும் கையில் ஆதாரம் இருக்கும். மேற்கு வங்கத்தில் ஒரு சினிமாவை இப்படி வாய்வார்த்தையாகவே தியேட்டர்களிலிருந்து எடுக்கவைத்ததற்கு 2019-இல் உச்ச நீதிமன்றம் 20 லட்சம் ரூபாய் இழப்பீடு விதித்தது. கலவரம் வரும் என்று காரணம் காட்டிக் கருத்துரிமையை முடக்கக் கூடாது, பாதுகாப்பது அரசின் கடமை என்று 1989-லேயே ரங்கராஜன் வழக்கில் சொல்லியாயிற்று. அதுவும் சினிமா வழக்குதான். நாடகத்துக்கு இதைக் காட்டி வாதாடத் தடையில்லை.

ஒத்திகை நோட்டு:
போலீசையே பேசிக்கொண்டிருந்தால் நம் பக்கத்துக் கோளாறு தெரியாமல் போய்விடும். நான் பார்த்தவரை ரொம்பப் பேர் சறுக்குவது ஒரே இடத்தில்: மேடையில் பண்ணையார் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுகிறார், அரங்கம் சிரிக்கிறது. வசனத்தை வெட்டுவதா வேண்டாமா என்று சண்டை போடுவதற்கு முன்னால், ஏன் சிரித்தார்கள் என்று பாருங்கள். அந்தச் சொல் வாக்கியத்தின் கடைசியில் நிற்கும். நடிகர் அதை அழுத்திச் சொல்லி ஒரு நொடி நிறுத்துவார். அது நகைச்சுவைக்கான தாளம். காது பழக்கத்தில் சிரித்துவிடும்.

சொல்லை வாக்கியத்தின் நடுவில் போடுங்கள், நிறுத்தாமல் அடுத்த வரிக்குப் போகச் சொல்லுங்கள். திட்டுகிறவர் பார்வையாளருக்கு முதுகு காட்டட்டும். திட்டு வாங்குகிறவர் முன்மேடையில், முகத்தில் வெளிச்சத்தோடு நிற்கட்டும். வசனத்தில் ஒரு சொல்லையும் வெட்டவில்லை, சிரிப்பு போய்விடும். கூலிக்காரர் வேஷம் என்றாலே முகத்தில் கரியைப் பூசுவது, கூன் போட்டு நடக்கவிடுவது, திருநங்கை வந்தால் கைதட்டவைப்பது எல்லாம் சுதந்திரம் இல்லை, சோம்பேறித்தனம்.

சம்பந்தப்பட்ட சமூகத்துக்காரர்களைக் கூப்பிட்டு ஒரு வாசிப்பு வைத்துவிடுவதும் நல்லது.

மூணாவது மணி:
அந்தக் கடைசி வரியில்தான் எனக்கு உடன்பாடில்லை. வாசிப்பு வையுங்கள், ஆனால் எதற்கென்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இங்கிலாந்தின் பர்மிங்காம் ரெப் அரங்கில் 2004 டிசம்பரில் 'பெஸ்தி' நாடகம் பாதியில் நின்றது ஞாபகம் இருக்கும். எழுதியவர் சீக்கியப் பெண், கதை குருத்வாராவுக்குள் நடக்கும் பாலியல் வன்கொடுமை. அரங்கத்தார் முன்கூட்டியே சீக்கியப் பிரமுகர்களைக் கூப்பிட்டுப் பேசினார்கள். களத்தைக் குருத்வாராவிலிருந்து சமூகக் கூடத்துக்கு மாற்றுங்கள் என்றார்கள் அவர்கள். ஆசிரியர் மாற்றவில்லை. கருத்துக் கேட்டவர்கள் கேட்டதோடு சரி என்று நினைத்தார்கள், கருத்துச் சொன்னவர்களோ நாடகத்தை மாற்றிவிடுவார்கள் என்று நம்பினார்கள். வெளியே கல் பறந்ததும் நாடகத்தை நிறுத்திவிட்டார்கள்.

ஒத்திகை நோட்டு:
ஒப்புக்கொள்கிறேன். தலைவர்களைக் கூப்பிட்டால் அது இன்னொரு தணிக்கைக் குழுதான். எங்கள் பக்கத்துக் குழுக்கள் சில, அந்த வாழ்க்கையை வாழ்கிற ஏழெட்டுப் பேரைத்தான் கூப்பிடுகின்றன. அதுவும் மேடை அசைவுகள் முடிவாவதற்கு முன்னால். செட் அடித்து, லைட் கட்டிய பிறகு யாரும் எதையும் மாற்றப் போவதில்லை. 'பிடித்ததா' என்று கேட்பதில்லை. எது பொய்யாக இருந்தது, எங்கே சிரிப்பு வலித்தது, இரண்டே கேள்வி. மாற்றுவதும் விடுவதும் இயக்குநர் முடிவு என்று வாசிப்பு தொடங்கும் முன்பே சொல்லிவிடுகிறார்கள். வந்தவர்களுக்குப் பேருந்துச் செலவும் ஒருநாள் கூலியும் உண்டு. இதைப் பட்ஜெட்டில் முதலிலேயே எழுதாவிட்டால் பிறகு காசு இருக்காது.