புதுப்பிப்பு: கிராம சபையில் எத்தனை பேர் இருக்கணும்?

முன்பு கேட்டிருந்தேன்: எங்கள் ஊர் கிராம சபையில் பந்தலுக்குள் நூறு பேர்கூட இல்லை, தீர்மானம் நிறைவேறியதாக எழுதிவிட்டார்கள், அது செல்லுமா என்று. ஓய்வுபெற்ற ஊராட்சிச் செயலர் ஒருவர் பொறுமையாக விளக்கினார்.

குறைவெண், அதாவது கூட்டம் செல்ல குறைந்தது எத்தனை பேர் இருக்கணும் என்ற எண்ணிக்கை (கோரம்), ஊராட்சியின் மக்கள்தொகையைப் பொறுத்தது. தமிழ்நாட்டில் 500 வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. எங்களுக்கு 200. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்கள்தான் கணக்கு. வேடிக்கை பார்க்கும் பள்ளிப் பிள்ளைகளோ, வந்திருக்கும் அதிகாரிகளோ சேர மாட்டார்கள். ஆதரவு எத்தனை, எதிர்ப்பு எத்தனை என்பது இதற்கு அடுத்த கதை. இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறோம்.

பிறகு தீர்மானப் புத்தகத்தைப் பார்த்தேன். கையெழுத்து 200ஐத் தாண்டுகிறது! வாசலிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பியவர்கள் பெயரெல்லாம் அதில் இருக்கிறது. காகிதத்தில் குறைவெண் உண்டு, பந்தலில் இல்லை. எனக்கு இது பெரிய அநியாயமாகப் படுகிறது. சாக்கடைப் பணி எந்தத் தெருவுக்கு என்று முடிவு செய்த தீர்மானம் அது.

அக்டோபர் 2 கூட்டத்தில், தீர்மானம் எடுக்கும் நேரத்தில் தலை எண்ணி அந்த எண்ணிக்கையைப் புத்தகத்தில் எழுதச் சொல்லி மனு கொடுத்திருக்கிறோம். எங்கள் தெருப் பெண்கள் குழுவினர் கடைசிவரை உட்காருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.