லேவ் பாக்ரோவ்: தேசப்பட வரலாற்றாளர் ஒருவரை உருவாக்கிய கல்வி எது?

கேள்வி – வெள்ளவத்தை வாசகி

வணக்கம். நான் கொழும்பில் புவியியல் முதுகலைக் கற்கையின் இறுதி ஆண்டில் இருக்கின்றேன். இலங்கையின் பழைய தேசப்படங்களைப் பற்றி ஆய்வேடு எழுதத் தொடங்கியதிலிருந்து, பண்டைய கிரேக்கப் புவியியலாளர் தொலமியின் தப்ரபேன் (அவர் காலத்தில் இலங்கையின் பெயர்) படத்தைத் தேடினாலும் ஐரோப்பியர் வரைந்த ஆசியப் படங்களைத் தேடினாலும், ஒரு ரஷ்யரின் பெயர் திரும்பத் திரும்ப எதிர்ப்படுகின்றது. லேவ் செமியோனோவிச் பாக்ரோவ் என்பது அவருடைய பெயர். மேற்கு நாட்டு நூல்கள் அவரை லியோ பாக்ரோவ் என்று குறிப்பிடுகின்றன. தேசப்பட வரலாற்றுக்கென்றே வெளிவரும் ‘இமாகோ முண்டி’ என்ற இதழை 1935 இல் பேர்லினில் தொடங்கியவர் அவர். 1951 இல் ஜெர்மன் மொழியில் வெளிவந்த அவருடைய தேசப்பட வரலாற்று நூலின் ஆங்கிலப் பதிப்பு 1964 இல் வந்தது. அதை இங்கே ஒரு நூலகத்தில் மூன்று வாரமாக வாசித்து வருகின்றேன்.

என் மனத்தில் நிற்கும் கேள்வி அவருடைய நூல்களைப் பற்றியதன்று. 1881 இல் பிறந்தவர் 1918 இல் ரஷ்யாவை விட்டு வெளியேறுகின்றார். அந்த முப்பத்தேழு ஆண்டுகளையும் இரண்டு வரிகளில் கடந்துவிட்டு, பேர்லின் வாழ்க்கையை மட்டும் விரிவாகச் சொல்லும் குறிப்புகளே என் கைக்குக் கிடைக்கின்றன. முப்பத்தேழு வயதில் ஒருவர் நாட்டை விட்டுப் போகும்போது அவருடைய பயிற்சி முழுவதும் முடிந்திருக்கும் அல்லவா? இந்தத் துறைக்கு ஓர் இதழையே தொடங்கக்கூடிய மனிதர் எங்கே பிறந்தார், எதைக் கற்றார், எந்த வேலையில் தம் கண்ணைப் பழக்கினார் என்பதை அறிய விரும்புகின்றேன்.

இதைக் கேட்பதற்கு எனக்குச் சொந்தக் காரணமும் உண்டு. நான் கற்ற புவியியலில் எறியங்களையும் (உருண்டையான பூமியைத் தட்டையான தாளில் காட்டும் முறைகளையும்) அளவுத்திட்டத்தையும் சொல்லித் தந்தார்கள். முந்நூறு ஆண்டுப் பழைமையான ஒரு தாளை எப்படி வாசிப்பது என்று எவரும் சொல்லித் தரவில்லை. வரலாறு கற்கும் என் தோழியின் நிலைமை இதற்கு நேர்மாறானது. இந்த இரண்டும் ஒரே ஆளிடம் எப்படிச் சேர்ந்தன என்பதே என் கேள்வி.

பதில் 1 – ஓய்வுபெற்ற நில அளவையாளர், நாரஹேன்பிட்டி

மகள், நல்ல கேள்வி. நான் முப்பத்து நான்கு ஆண்டுகள் நில அளவை செய்தவன். ஆகவே அவருடைய வாழ்க்கையில் எனக்கு நன்றாக விளங்கும் பகுதியைச் சொல்கின்றேன்.

பாக்ரோவ் பிறந்தது பேர்ம் மாகாணத்தில் சொலிகாம்ஸ்க் நகருக்கு அண்மையிலுள்ள வெரெத்தியா என்ற ஊரில். அங்கிருந்து அன்றைய தலைநகரான சென் பீற்றர்ஸ்பேர்க்குக்கு வந்து, ரஷ்யக் கடற்படையின் நீர்ப்பரப்பு அளவைப் பணியில் சேர்ந்தார். கஸ்பியன் கடலை அளக்கும் வேலையில் அவர் ஈடுபட்டிருந்தார் என்பதுதான் நீங்கள் தேடும் விடையின் முதற்பாதி என்று நான் நினைக்கின்றேன். 1912 இல் அவர் வெளியிட்ட முதல் பெரிய ஆய்வும் கஸ்பியன் கடலின் தேசப்படங்களுடைய வரலாறு பற்றியதே. அளந்த கடலின் பழைய படங்களையே அவர் முதலில் தேடிப் போயிருக்கின்றார்.

அது சாதாரணமான கடல் அன்று. உலகக் கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 28 மீற்றர் கீழே கிடக்கும் நீர்ப்பரப்பு அது. அதன் மட்டம் காலத்துக்குக் காலம் ஏறி இறங்கும். வடபகுதியில் சராசரி ஆழம் ஐந்து மீற்றர் அளவுதான் என்பதால், மட்டம் சற்று மாறினாலும் கரை கிலோமீற்றர் கணக்கில் நகர்ந்துவிடும். ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி அங்கே ஆழம் பார்த்த ஒருவர், இருநூறு ஆண்டுகளுக்கு முந்திய படமொன்றில் கரை வேறிடத்தில் இருப்பதைக் கண்டால், வரைந்தவன் தவறிவிட்டான் என்று உடனே முடிவு கட்டமாட்டார். கரை உண்மையிலேயே அங்கே இருந்திருக்கலாம் என்று ஐயப்படுவார். அந்த ஐயம் புத்தகத்திலிருந்து வருவதில்லை. இளவயதில் புத்தளம் களப்பில் வேலை செய்தபோது, ஒரு மைலை ஓரங்குலமாகக் காட்டும் பழைய ஓரங்குலத் தாளில் காட்டியிருந்த மணல்திட்டு ஒன்றைக் காணாமல் இரண்டு நாள் அலைந்தேன். தாளின் மீது பழி சொல்லிக்கொண்டிருந்த எனக்கு, அந்தத் திட்டில் தம் தகப்பனார் வலை காயவைத்ததாக ஒரு மீனவர் சொன்ன பிறகுதான் விளங்கியது.

கஸ்பியனின் படங்களுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. அது வடக்கே சமுத்திரத்தோடு இணைந்த ஒரு குடா என்று பழைய கிரேக்கர் சிலர் எழுதினார்கள். தொலமி அதை மூடிய கடலாகவே கொண்டார். ஆனால் கிழக்கு மேற்காக நீட்டிவிட்டார். அந்த உருவம் பல நூற்றாண்டுகள் நிலைத்தது. மத்திய ஆசியாவின் அமு தரியா ஆறு அதிலே வந்து விழுவதாகவும் வரைந்தார்கள். முதலாம் பீற்றர் மன்னனின் கட்டளையால் நடந்த அளவைகளின் பயனாக 1720 இல் அச்சான படத்திலேதான் கடல் வடக்குத் தெற்காக நிமிர்ந்தது. மன்னன் அதைப் பாரிஸ் விஞ்ஞானக் கழகத்துக்கு அனுப்பி வைத்தான். ஒரு கடலின் உருவத்தைப் பற்றி மனிதர் ஈராயிரம் ஆண்டுகளாகக் கொண்டிருந்த எண்ணங்களைப் படம் படமாகத் தொடர முடிகின்றதென்றால், வரலாறு பழகத் தொடங்கும் ஓர் அளவையாளருக்கு அதைவிட ஏற்ற பாடம் கிடைத்திருக்க முடியாது.

பதில் 2 – சுவடிக்கூடப் பணியாளர், கொழும்பு 7

ஐயா எழுதியதை மிகுந்த விருப்பத்தோடு வாசித்தேன். ஆனால் கடலை அளந்தவர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். அவர்கள் எல்லோரும் பாக்ரோவ் ஆகவில்லை. மற்றப் பாதி சென் பீற்றர்ஸ்பேர்க் தொல்லியல் நிறுவகத்தில் இருக்கின்றது. அவர் அங்கே கற்றவர். 1918 இல் பெத்ரோகிராத்தில் (சென் பீற்றர்ஸ்பேர்க்கின் அன்றைய பெயர்) வெளிவந்த ‘தேசப்படத்தின் வரலாறு’ என்ற அவருடைய நூலும் அந்த நிறுவகத்தின் வெளியீட்டு வரிசையிலேயே வந்தது. அந்தச் சிறிய நூலின் பெரும்பயன் அதில் இருந்த நூல் விவரப் பட்டியல். இந்தத் துறையில் அதுவரை யார் எதை எழுதியிருக்கிறார்கள் என்பதை அவர் அதில் திரட்டியிருந்தார்.

தொல்லியல் நிறுவகம் என்ற பெயரைக் கேட்டதும் நிலத்தைத் தோண்டுகின்றவர்களை நினைத்துவிடக் கூடாது. நிக்கொலாய் கலாச்சோவ் 1877 இல் அதை நிறுவியதன் முதல் நோக்கம் சுவடிக்கூடங்களுக்கு ஆட்களைப் பயிற்றுவது. உயர்கல்வி பெற்றவர்கள் அதற்கு மேல் வந்து கற்கும் இடமாக அது இருந்தது. பழைய எழுத்துகளை வாசித்தல், பத்திரங்களின் உண்மைத்தன்மையை ஆராய்தல், முத்திரைகளையும் நாணயங்களையும் அடையாளம் காணுதல், சுவடிகளை ஒழுங்குபடுத்துதல் ஆகியவையே அங்கே பாடங்கள்.

அங்கே கற்பித்தவர்களுள் நிக்கொலாய் லிகாச்சோவ் என்ற அறிஞரும் ஒருவர். காகிதத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் மட்டும் தெரிகின்ற நீர்க்குறிகளைக் கொண்டு, ஆண்டு எழுதப்படாத சுவடிகளின் காலத்தைக் கணிக்கும் முறையைப் பற்றி 1899 இல் அவர் பெருநூல் வெளியிட்டார். அது நடக்கும் விதம் எளிமையானது. கையால் செய்த காகிதத்துக்குக் கம்பி வலை கொண்ட சட்டம் வேண்டும். வலையின் மீது கம்பியை வளைத்துத் தைத்த உருவமே தாளில் நீர்க்குறியாகப் பதிகின்றது. கம்பி விரைவில் கோணும், அவிழும். சில ஆண்டுகளில் சட்டத்தையே மாற்ற வேண்டிவரும். ஆகவே ஆண்டு தெரிந்த ஒரு கடிதத்திலும் ஆண்டு தெரியாத ஒரு படத்திலும் ஒரே கோணலோடு ஒரே உருவம் தென்பட்டால், இரண்டு தாள்களும் ஏறக்குறைய ஒரே காலத்தவை என்று சொல்லலாம். ஒல்லாந்தர் காலத் தாள்களில் அம்ஸ்ரர்டாம் நகரத்தின் சின்னத்தையும், வேலிக்குள் அமர்ந்திருக்கும் பெண்ணின் உருவத்தையும் நான் அடிக்கடி காண்கின்றேன்.

படத்தை இப்படி ஒரு தாளாகவும் ஓர் ஆவணமாகவும் பார்க்கும் பழக்கம் பாக்ரோவிடம் வாழ்நாள் முழுவதும் இருந்தது. தொலமியின் ‘புவியியல்’ நூலைப் பற்றி 1945 இல் அவர் எழுதிய கட்டுரையைத் தங்கை கட்டாயம் வாசிக்க வேண்டும். கி.பி. 2 ஆம் நூற்றாண்டு நூல் என்று நாம் சொல்லும் அதற்கு ஏறக்குறைய 13 ஆம் நூற்றாண்டின் இறுதிக்கு முந்திய கிரேக்கச் சுவடிகள் எவையும் எஞ்சவில்லை. இப்போதுள்ள பாடம் 10 அல்லது 11 ஆம் நூற்றாண்டில் பைசாந்தியத்தில் (கிழக்கு ரோமப் பேரரசில்) தொகுக்கப்பட்டது என்றும், படங்கள் அதற்கும் பிந்தியவை என்றும் அவர் வாதிட்டார். அறிஞர் பலர் அதை முழுமையாக ஏற்கவில்லை. எனக்கும் அவர் எல்லையைக் கடந்துவிட்டதாகவே படுகின்றது. ஆனால் அப்படி ஒரு கேள்வியை எழுப்பத் துணிந்தது சுவடிப் பயிற்சி பெற்ற மனம். தப்ரபேனைப் பற்றி எழுதுகின்ற நமக்கு அது நேரடியாகப் பொருந்தும். 5 பாகை 55 கலைக்கும் 9 பாகை 50 கலைக்கும் இடையில், முழுவதும் வட அரைக்கோளத்தில் இருக்கும் நம் தீவு, அந்தப் படத்தில் மத்திய கோட்டையும் தாண்டித் தெற்கே இறங்குகின்றது. அந்தப் பிழை தொலமியுடையதா, அவருக்குத் தகவல் சொன்ன மாலுமிகளுடையதா, எண்களைப் பெயர்த்தெழுதியவனுடையதா என்று பிரித்துக் கேட்பதற்குப் பாக்ரோவின் முறை உதவும்.

மறுமொழி – வெள்ளவத்தை வாசகி

ஐயாவுக்கும் அக்காவுக்கும் மிக்க நன்றி. கடல் ஒரு பாதி, சுவடி மறுபாதி என்று விளங்குகின்றது. ஆனால் பிறந்த ஊரைப் பற்றி எவரும் விரிவாகச் சொல்லவில்லையே. சொலிகாம்ஸ்க் என்ற பெயரைத் தேசப்படத்தில் தேடிப் பார்த்தேன். யூரல் மலைகளுக்கு மேற்கே, மிகத் தொலைவான இடமாக இருக்கின்றது. அந்த ஊருக்கும் இந்த ஆர்வத்துக்கும் ஏதேனும் தொடர்பு உண்டா?

பதில் 3 – மாஸ்கோவில் கற்றவர், பம்பலப்பிட்டி

சோவியத் காலத்தில் புலமைப்பரிசில் பெற்று மாஸ்கோவில் ஆறு ஆண்டுகள் பொறியியல் கற்றேன். ரஷ்ய மொழி இன்றும் கைவிட்டுப் போகவில்லை; ஆகவே இந்தக் கேள்விக்குப் பதில் எழுதுவது எனக்கு மகிழ்ச்சி தருகின்றது.

சொலிகாம்ஸ்க் என்ற பெயரிலேயே உப்பு இருக்கின்றது. ‘சோல்’ என்றால் ரஷ்ய மொழியில் உப்பு. காமா அங்குள்ள பெரிய ஆறு. ஆனையிறவைப் போலக் கடல்நீரை வெயிலில் காயவைக்கும் ஊர் அன்று அது. நிலத்தடியிலிருந்து உவர்நீரை இறைத்துப் பெரிய தட்டங்களில் விறகெரித்துக் காய்ச்சினார்கள். ஆனால் உங்கள் கேள்விக்கு வேண்டியது உப்பன்று, பாதை. அர்த்தேமி பாபினோவ் என்பவர் 1597 இல் சொலிகாம்ஸ்கிலிருந்து யூரலைக் கடந்து வெர்ஹொத்தூரியே வரை ஒரு பாதையைத் திறந்தார். 18 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, சைபீரியாவுக்குச் செல்லும் அரச பாதை அதுதான். அதிகாரிகளும் வணிகர்களும் நாடுகடத்தப்பட்டவர்களும் அந்த வாசலால்தான் உள்ளே போனார்கள்.

இப்போது பாக்ரோவின் நூல்களைப் பாருங்கள். 1914 இல் ஆசிய ரஷ்யாவின் தேசப்படங்களைப் பற்றி எழுதுகின்றார். வாழ்க்கையின் இறுதிக்காலத்தில் அவர் உழைத்தது செமியோன் ரெமேசோவ் வரைந்த சைபீரியப் படங்களின் மீது. தொபோல்ஸ்க் நகரத்தைச் சேர்ந்த ரெமேசோவ், 1700 ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், அகலக்கோடும் நெடுங்கோடும் இன்றி, ஆறுகளையே எலும்புக்கூடாக வைத்து, பெரும்பாலும் தெற்கை மேலே காட்டி வரைந்தவர். அவருடைய கையெழுத்து நூல்களுள் ஒன்று பாக்ரோவின் கைவழியாக ரஷ்யாவை விட்டு வெளியேறி, இன்று ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ஹௌட்டன் நூலகத்தில் இருக்கின்றது. பாக்ரோவ் 1957 இல் ஹேக் நகரில் இறந்தார். அந்த நூலை அப்படியே படமெடுத்து அச்சிட்ட பதிப்பு மறு ஆண்டு அதே நகரில் வெளிவந்தது. அந்தச் சுவடி நாட்டை விட்டுப் போனதை நினைத்தால் எனக்கு வருத்தமே. நம் நாட்டு ஏடுகள் வெளிநாட்டு நூலகங்களில் இருப்பதைக் காணும்போது வருகின்ற அதே வருத்தம். இருந்தும் அந்தப் பதிப்பினால் உலகம் ரெமேசோவை அறிந்தது என்பதையும் மறுக்க முடியாது.

சைபீரியாவின் பழைய வாசலருகே பிறந்தவர் சைபீரியாவின் பழைய படங்களில் வந்து முடிந்தார் என்பதை நான் ஒரு பொருத்தமாகவே சொல்கின்றேன். ஆய்வேட்டில் இதைக் காரணமாக எழுதிவிட வேண்டாம்.

பதில் 4 – ஓய்வுபெற்ற நில அளவையாளர், நாரஹேன்பிட்டி

பொருத்தம் என்று தம்பி சொன்னது சரியான சொல். சுவடிக்கூடத்து மகளுக்கு ஒரு வார்த்தை: நூற்றுக்கணக்கான அளவையாளர்கள் பாக்ரோவ் ஆகவில்லை என்பது உண்மை. ஆனால் நீர்க்குறியால் தாளின் வயது தெரியுமேயன்றி, கரை ஏன் அங்கே வரையப்பட்டது என்பது தெரியாது. மாணவி இரண்டையும் பழக வேண்டும். ஓரங்குலத் தாள்களை ஒப்பிட விரும்பினால், கள வேலைக்கு என்னோடு ஒரு நாள் கற்பிட்டிக்கு வரட்டும்; தோழியையும் அழைத்து வரலாம். கால் நனையும், அதற்கேற்ற செருப்போடு வர வேண்டும்.

பதில் 5 – சுவடிக்கூடப் பணியாளர், கொழும்பு 7

ஐயாவின் திருத்தத்தை மனமார ஏற்கின்றேன். தங்கை, கற்பிட்டிக்குப் போகுமுன் அந்தக் கரையைக் காட்டும் ஒல்லாந்தர் படமொன்றைப் பார்த்துவிட்டுப் போவது நல்லது. அப்போதுதான் களத்தில் எதைத் தேடுவது என்று தெரியும். சுவடிக்கூடத்துக்குத் தரும் விண்ணப்பத்தோடு மேற்பார்வையாளரின் கடிதத்தையும் இணையுங்கள். நீர்க்குறியைப் பார்க்க வேண்டுமென்றால் அதை முன்கூட்டியே விண்ணப்பத்தில் எழுத வேண்டும்; பழைய தாளை வெளிச்சத்தின் மேல் வைப்பதைப் பணியாளர்தாம் செய்வார், வாசகர் செய்யக் கூடாது. மையெழுதுகோலை வெளியே வைத்துவிட்டு, பென்சிலும் ஒரு மெல்லிய அளவுகோலும் கொண்டு வாருங்கள். கம்பி வலை தாளில் பதித்த வரிகளுக்கு இடையிலுள்ள தூரத்தை அளந்து குறிப்பதற்கு அளவுகோல் தேவைப்படும்.