கேப்பிபாராவுக்கும் அமேசான் ஓங்கிலுக்கும் உறவு உண்டா?

வினா – நீர்முள்ளி
அமேசான் ஆற்றின் இளஞ்சிவப்பு ஓங்கிலும் (டால்பின்) அதன் கரையில் மேயும் கேப்பிபாராவும் பாலூட்டிகளே. இரண்டும் ஒரே நீரை நம்பி வாழ்பவை. வகைப்பாட்டில் இவற்றுக்கு நெருக்கம் உண்டா? அழியும் ஆபத்தை வகைப்படுத்தும் உலகச் சிவப்புப் பட்டியலில் ஓங்கில் 'அருகிய இனம்' என்றும் கேப்பிபாரா 'கவலை குறைந்த இனம்' என்றும் இருப்பது ஏன்?

பதில் – மரநாய்
நெருக்கம் இல்லை. கேப்பிபாரா, எலி, அணில் போன்றவை அடங்கும் கொறிணி வரிசையைச் சேர்ந்தது. கினிப்பன்றியும் அதே குடும்பம்தான். ஓங்கிலோ, இன்றைய வகைப்பாட்டின்படி, மாடு, பன்றி போன்ற இரட்டைப்படைக் குளம்பிகளின் கிளையில் வருகிறது; ஓங்கிலும் அடங்கும் திமிங்கில இனங்களுக்கு இன்று உயிரோடிருக்கும் மிக நெருங்கிய உறவு நீர்யானை. ஆகவே ஓங்கிலுக்குக் கேப்பிபாராவைவிட மாடு நெருக்கம். கேப்பிபாராவுக்கு ஓங்கிலைவிட மனிதரே நெருக்கம் என்றால் பலர் நம்பமாட்டார்கள். பல்லைப் பார்த்தாலே வேறுபாடு விளங்கும்: கேப்பிபாராவின் வெட்டுப்பற்கள் ஆயுள் முழுதும் வளர்ந்துகொண்டே இருக்கும், இந்த ஓங்கிலுக்கு முன்பற்கள் கூம்பாகவும் பின்பற்கள் கடைவாய்ப்பல் போலவும் அமைந்திருக்கின்றன. மற்ற ஓங்கில்களில் இதைக் காண்பது அரிது.

பதில் – கரைவழி
இரண்டாம் வினாவுக்கு என் விடை, இனப்பெருக்க வேகம். கேப்பிபாரா ஐந்து மாதச் சினைக்குப் பின் பெரும்பாலும் நான்கு குட்டிகள் ஈனும். வெனிசுவேலாவில் தவக்காலத்தில் அதன் இறைச்சியை உண்ணும் வழக்கம் நெடுங்காலமாக இருந்தும் இனம் தாக்குப்பிடிக்கிறது. ஓங்கில் ஏறத்தாழ ஓராண்டு சுமந்து ஒரே குட்டியை ஈனுவதால், இழப்பை ஈடுசெய்ய அதனால் இயல்வதில்லை. பிராகட்டிங்கா என்னும் கெளுத்திமீனைப் பிடிக்க ஓங்கிலைக் கொன்று அதன் இறைச்சியை இரையாக வைக்கும் வழக்கத்தால் எண்ணிக்கை சரிந்தது. பிரேசில் 2015இல் அம்மீன்பிடிப்பையே நிறுத்திவைத்தது. வலையில் சிக்கி இறப்பதும் அணைகளால் கூட்டங்கள் துண்டுபடுவதும் தொடர்கின்றன. 2023 வறட்சியில் பிரேசிலின் அமேசான் பகுதியிலுள்ள தெஃபே ஏரியின் நீர் 39 பாகை செல்சியசைத் தாண்டியபோது, அங்கு வாழும் இரு ஓங்கில் இனங்களிலுமாக 150க்கும் மேற்பட்டவை இறந்தன.

பதில் – மரநாய்
ஒன்று சேர்க்கிறேன். கொறிணி என்றாலே கவலை இல்லை என்று கொள்ளவேண்டாம்; மென்மயிருக்காக வேட்டையாடப்பட்ட சின்சில்லாவும் 'அருகிய இனம்'தான். அதுபோல, 'ஆற்று ஓங்கில்' என்பதும் ஒரே குடும்பமன்று. நம் கங்கை ஓங்கில் தனிக் குடும்பம். 2025இல் வெளியான இந்தியக் கணக்கெடுப்பில், பியாஸ் ஆற்றிலுள்ள மூன்று சிந்து ஓங்கில்களையும் சேர்த்தே நாட்டின் ஆற்று ஓங்கில்கள் 6,327 என்று கண்டார்கள்.