மயானத்தில் கச்சேரியா?

குழு: பெர்லின் குடும்பம்

அக்கா: சனிக்கிழமை சி.டி.எம். எலக்ட்ரானிக் இசை விழாவுக்கு யார் யார் வருகிறீர்கள்? சித்தி ஊருக்குத் திரும்புவதற்குள் ஒரு நாளாவது காட்டிவிட வேண்டும்.

சித்தி: சபா எங்கே இருக்கிறது?

அக்கா: சபாவெல்லாம் கிடையாது சித்தி. 1999-இல் தொடங்கிய விழா, இன்னும் வாடகைக் குடித்தனம்தான். ஊரெங்கும் கிடைத்த கூரையின் கீழ் நடத்துகிறார்கள். சங்கீத சீசனில் நீங்கள் சபா சபாவாக ஓடுவீர்களே, அதே ஓட்டம்தான். குளிர் மட்டும் அதிகம்.

தம்பி: வெடிங்கில் பழைய தகனக்கூடம், கிராய்ட்ஸ்பெர்க்கில் பழைய ஆஸ்பத்திரி, ஸ்ப்ரே ஆற்றங்கரையில் கழிவுநீரேற்று நிலையம், ராத்திரிக்கு அனல் மின் நிலையம்.

சித்தி: பெரியவர்களிடம் விளையாடாதே.

அத்தான்: விளையாட்டு இல்லை அத்தை. நான்குமே உண்மை.

சித்தி: தகனக்கூடம் என்றால் நம் ஊர் சுடுகாடா மாப்பிள்ளை?

அத்தான்: ஆமாம். 1912-இல் திறந்தார்கள். பெர்லினுக்கு அதுதான் முதல் தகனக்கூடம். இப்போது பெயர் சைலண்ட் கிரீன். எண்கோணக் கூடம், மேலே குவிமாடம். சுற்றுச்சுவர் முழுக்கப் புறாக்கூடு போல மாடங்கள். அஸ்திக் கலசங்களை அதில்தான் வைத்திருந்தார்கள். போன முறை ஒரு பெண் தனியாக உட்கார்ந்து பாடினார். பாட்டு நின்ற பிறகும் குரல் குவிமாடத்தில் சுற்றிக்கொண்டே இருந்தது. ஒருவரும் இருமக்கூட இல்லை.

சித்தி: எனக்கு இங்கேயே உடம்பு சிலிர்க்கிறது.

தம்பி: நிலத்துக்கு அடியில் இன்னொரு கூடமும் உண்டு சித்தி. 1990-களில் சவப்பெட்டிகளை வைப்பதற்காகக் கட்டியது.

அக்கா: நீ கொஞ்சம் வாயை மூடுகிறாயா?

சித்தி: ஆஸ்பத்திரியையாவது சொல்லுங்கள்.

அக்கா: பெத்தானியன். 1847-இல் கட்டி முடித்தது, 1970-இல் ஆஸ்பத்திரியை மூடிவிட்டார்கள். விழாவின் கண்காட்சியை அங்கே வைப்பார்கள். ஜெர்மன் எழுத்தாளர் ஃபொன்டானே அந்த ஆஸ்பத்திரியில் மருந்தாளராக வேலை பார்த்தவர். அவர் இருந்த மருந்தறையை இன்னும் அப்படியே வைத்திருக்கிறார்கள். எனக்கு விழாவை விட அந்த அறைதான் பிடிக்கும்.

அத்தான்: அத்தைக்கு ஏற்றது ஹாவ் அரங்கம்தான். 1908-இல் கட்டிய நாடகக் கொட்டகை, மரப்பலகை வேய்ந்த சுவர், சாய்ந்து உட்கார நாற்காலி. வெடிங்கில் யூ6 மெட்ரோ ரயில் ஏறினால் ஹாலெஷெஸ் டோரில் இறங்கலாம், மாற வேண்டியதில்லை.

தம்பி: டிக்கெட்டில் முத்திரை குத்த மறக்காதீர்கள். போன வருடம் பையில் டிக்கெட்டை வைத்துக்கொண்டே 60 யூரோ தண்டம் கட்டினேன்.

சித்தி: ராத்திரி மின் நிலையத்துக்கு யார் போகிறார்கள்?

அக்கா: இவரும் தம்பியும். இப்போது அது பெர்கைன் என்ற டான்ஸ் கிளப். அன்றைய ஸ்டாலின் சாலைக் குடியிருப்புகளுக்கு வெப்பம் தருவதற்காக 1950-களில் கட்டியது. கூரை 18 மீட்டர் உயரம்.

தம்பி: வாசலிலேயே போன் கேமராவின் மேல் ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள் சித்தி. படம் எடுக்கக் கூடாது. சத்தம் காதுக்கு வருவதற்கு முன்னால் முழங்காலுக்கு வந்துவிடும். போன முறை ஸ்டிக்கரை உரிக்க மறந்து, மறுநாள் முழுக்க எடுத்த படமெல்லாம் ஏன் கறுப்பாக இருக்கிறது என்று தலையைப் பிய்த்துக்கொண்டேன்.

அக்கா: காதடைப்பான் வாங்கிக்கொள்ளுங்கள். பஞ்செல்லாம் அங்கே தாங்காது.

சித்தி: நான் அங்கே வரவில்லை. அந்தப் பெண் பாடிய இடத்துக்கு எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்?

அக்கா: சித்தி! தகனக்கூடத்துக்கா?

சித்தி: குரல் சுற்றிக்கொண்டே இருந்தது என்றாரே மாப்பிள்ளை. அது எப்படி என்று கேட்க வேண்டும். திரும்பி வந்ததும் எல்லோரும் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் கால் வைக்க வேண்டும்.

அத்தான்: குளியலறை வீட்டுக்குள்தானே இருக்கிறது அத்தை?