டெல்டாவில் முதுநிலை ஆய்வேட்டுக்குத் தரவு சேகரிக்கிறேன்: கட்டுரைகள், தமிழ்ச் சோதனைத் தாள், ஒலிப்பதிவு குறித்து உதவி தேவை

மன்னார்குடி மாணவி:

அனைவருக்கும் வணக்கம். வெளியூரில் ஒரு தனியார் கல்லூரியில் பேச்சு-மொழி நோயியல் முதுநிலைப் படிப்பின் இறுதியாண்டில் இருக்கிறேன். நான்கு முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளின் ஒலிப்புப் பிழைகள் என் ஆய்வேட்டின் பொருள். சொந்த ஊர்ப் பக்கம் என்பதால் மன்னார்குடி, நீடாமங்கலம் வட்டாரப் பள்ளிகளில் படங்களைக் காட்டிப் பெயர் சொல்லச் சொல்லிக் கைபேசியில் பதிவு செய்து வருகிறேன்.

இப்போது தடைப்பட்டு நிற்கிறேன். எங்கள் கல்லூரி நூலகத்தில் இத்துறை இதழ்களுக்குச் சந்தா மிகக் குறைவு. தேடிப் பிடிக்கும் கட்டுரைகளில் பல, பணம் கட்டினால்தான் திறக்கின்றன. வாழைப்பழப் படத்தைப் பார்த்துப் பெரும்பாலான குழந்தைகள் ‘வாளப்பளம்’ என்கிறார்கள். கையிலுள்ள சோதனைத் தாளின்படி இரண்டு இடங்களில் பிழை என்று குறிக்க வேண்டியிருக்கிறது, ஆனால் மனம் ஒப்பவில்லை. பதிவுகளைப் பேச்சொலியை அலசும் ப்ராட் மென்பொருளில் திறந்து பார்த்தால் சொற்களின் தொடக்கமும் முடிவும் வெட்டுப்பட்டது போல் தெரிகின்றன. மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பதிவு செய்தும் அப்படியே இருக்கிறது. நெறியாளரின் பதில் வரத் தாமதமாகிறது. வகுப்புத் தோழிகள் ஆளுக்கொரு ஊரில் இருக்க, இதைப் பற்றிப் பேச இங்கே ஒருவரும் இல்லாமல் சில இரவுகளில் தூக்கமே வருவதில்லை.

தஞ்சாவூர் பேச்சுப் பயிற்சியாளர்:

தங்கைக்கு வணக்கம். கட்டுரைகளைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். மற்றவற்றை அவற்றில் ஊறியவர்கள் சொல்லட்டும்.

முதலில் மைசூருக்குத்தான் போக வேண்டும், இணையத்தின் வழியாக. அங்குள்ள அகில இந்திய பேச்சு, செவிப்புலன் நிறுவனம் 1965இல் தொடங்கியது. அங்கே எழுதப்பட்ட முதுநிலை ஆய்வேடுகளில் ஏராளமானவை மின்னுருவில் இருக்கின்றன. தமிழ்க் குழந்தைகளைப் பற்றியவையும் உண்டு. உங்கள் தலைப்புக்கு மிக அருகில் வரும் முந்தைய பணி, வெளிநாட்டு இதழ்களைவிட அங்கேதான் கிடைக்கும். முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்குச் சோத்கங்கா என்ற இணையக் களஞ்சியம் இருக்கிறது. பேச்சுத் துறையோடு மொழியியல் துறை ஆய்வேடுகளையும் அதில் தேடுங்கள், ஏனெனில் குழந்தைமொழி பற்றிய தமிழ் ஆய்வுகள் பல மொழியியல் துறைகளில் நடந்தவை.

வெளிநாட்டுக் கட்டுரை என்றால், பணம் கேட்கும் பக்கத்தோடு நின்றுவிடாமல் அதே தலைப்பைப் பப்மெட் சென்ட்ரல் என்ற இலவச மருத்துவக் கட்டுரைத் தளத்தில் தேடிப் பாருங்கள். அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு நிதியில் நடந்தவற்றின் ஆசிரியர் பிரதி பெரும்பாலும் அங்கே இலவசமாக இருக்கும். அங்கும் இல்லையென்றால் கட்டுரையாசிரியருக்கே நான்கு வரி மின்னஞ்சல் எழுதுங்கள். தம் கட்டுரையைப் படிக்க விரும்பும் மாணவிக்குப் பிரதி அனுப்ப மறுப்பவர்கள் குறைவு. ஆய்விதழ்களுக்கு அரசே சந்தா கட்டும் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தாலும், அது அரசு நடத்தும் உயர்கல்வி நிறுவனங்களுக்கும் ஆய்வு நிறுவனங்களுக்கும் உரியது என்பதால் உங்கள் கல்லூரிக்கு எட்டாது. கல்லூரிக் கடிதத்துடன் அருகிலுள்ள அரசுப் பல்கலைக்கழக நூலகரைச் சந்தித்து, வெளி மாணவர் அங்கேயே அமர்ந்து படிக்க இடமுண்டா என்று கேட்பதில் தவறில்லை.

தூக்கம் வராததைச் சிறிய விஷயமாக எண்ணாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் இரவிலும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை. நெறியாளருக்கு எழுதும்போது நீண்ட கடிதத்தைவிட, ஆம் அல்லது இல்லை என்று பதில் தரக்கூடிய ஒரே கேள்வியாக எழுதினால் பதில் விரைவில் வரும்.

சிதம்பரம் மொழியியல் ஆய்வாளர்:

உங்கள் மனம் ஒப்பாதது சரியே. அந்தத் தாளின்படி மதிப்பெண் போட்டால், நீடாமங்கலத்தில் நன்றாகப் பேசும் குழந்தைகளில் பலருக்கும் பேச்சுக் குறைபாடு இருப்பதாக ஆய்வேடு சொல்லிவிடும். இது அந்தக் குழந்தைகளுக்குச் செய்யும் அநியாயம் என்பதை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன்.

ழகரம் பேச்சில் ளகரமாவது தமிழகத்தின் பல வட்டாரங்களில் பெரியவர்களிடமே உள்ள வழக்கு. வடக்கே யகரமாகவும் ஒலிக்கும். ரகர றகர வேறுபாடு பெரும்பாலான பேச்சு வழக்குகளில் இல்லை. ‘மரம்’ என்னும் சொல்லின் ஈற்று மகரம் பேச்சில் மறைந்து முன்னுள்ள உயிர் மூக்கொலியாகிவிடும். எழுத்துத் தமிழை அளவுகோலாக வைத்தவர் இதை ஈற்றுமெய் விடுபட்டதாகக் குறித்துவிடுவார். ‘இலை’ என்பதைக் குழந்தை ‘எல’ என்றால் வீட்டில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். இலக்கணம் போற்றும் தமிழும் வீட்டுத் தமிழும் இவ்வளவு விலகி நிற்கும் மொழியில், பள்ளிப் பாடமே தொடங்காத நான்கு வயதுக் குழந்தையை எழுத்துத் தமிழால் அளக்கவே கூடாது.

ஆகவே ஒரு வழி. அதே படங்களை அந்தக் குழந்தையின் அம்மாவிடமும், முடிந்தால் அப்பாயியிடமும் காட்டிப் பெயர் சொல்லச் சொல்லுங்கள். பெரியவர்கள் சொல்லும் வடிவத்தை ஒவ்வொரு சொல்லுக்கும் இலக்கு வடிவமாக எழுதிக்கொண்டு, குழந்தை அதிலிருந்து விலகும் இடத்தை மட்டும் பிழையென்று குறியுங்கள். ‘வாளப்பளம்’ சரி, அதே குழந்தை ‘வாயப்பயம்’ என்று சொல்லி, வீட்டில் வேறு யாரும் அப்படிச் சொல்லவில்லையென்றால் அங்கே உங்கள் ஆய்வு தொடங்குகிறது. செயல்முறை இயலில் இதற்கென ஒரு பத்தி எழுதிவிட்டால் தேர்வாளர் கேட்கும்போது தடுமாற வேண்டியதில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க, டாக்பேங்க் என்ற இணையப் பேச்சுத் தொகுப்பின் பகுதியான சைல்ட்ஸ் என்னும் குழந்தைமொழித் தரவகத்தில் ஒரு தமிழ்க் குழந்தையின் மழலைப் பருவத்து உரையாடல்கள் எழுத்து வடிவில் இருக்கின்றன. அக்குழந்தை உங்கள் குழந்தைகளைவிட இளையது என்பதால் அதை வரையறையாகக் கொள்ள முடியாது. பேச்சை எப்படிப் பெயர்த்து எழுதுகிறார்கள் என்று பழக உதவும். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் இங்கே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் மொழியியல் துறை இருக்கிறது. சோதனைத் தாளோடு நேரில் வாருங்கள்.

திருச்சி ஆடியாலஜிஸ்ட் (செவித்திறன் வல்லுநர்):

பதிவுச் சிக்கலுக்கு மின்விசிறி காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. சொல்லின் முனைகள் வெட்டுப்படுவது கைபேசியின் இரைச்சல் நீக்கும் வசதியால்தான். குழந்தையின் மெல்லிய ஒலித்தொடக்கத்தையும் அது இரைச்சல் என்று எண்ணி அழுத்திவிடுகிறது. ப்ராட்டில் ஒரு பதிவைத் திறந்து, எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி இருக்கிறது என்று காட்டும் ஒலிநிறமாலையைப் பாருங்கள். 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலே வெறுமையாக இருந்தால் செயலி 8,000 ஹெர்ட்ஸ் மாதிரி வீதத்தில், அதாவது நொடிக்கு 8,000 முறை ஒலியை அளந்து, பதிவு செய்திருக்கக்கூடும்; அந்த வீதத்தில் பாதி அதிர்வெண் வரைதான் பதிவாகும். குழந்தைகள் ‘சக்கரம்’ என்று சொல்லும்போது எழும் உரசொலியின் ஆற்றலில் பெரும்பகுதி அதற்கு மேலேதான் இருக்கும் என்பதால், அந்தப் பதிவில் சகர ஒலியை அளக்க முடியாது. போனதை எந்த மென்பொருளும் மீட்டுத் தராது. கேட்டு எழுதும் பகுதிக்கு மட்டும் அவற்றை வைத்துக்கொள்ளுங்கள்.

இனிமேல் வேவ் வடிவில், 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட் என்று அமைத்து, இரைச்சல் நீக்கத்தையும் தானியங்கி ஒலிச் சீராக்கத்தையும் அணைத்துவிட்டுப் பதிவு செய்யுங்கள். ஒலிவாங்கி வாய்க்கு நேரே இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் இருக்கட்டும். வகுப்பறையில் எதிரொலி அதிகமென்றால், தலைமையாசிரியரிடம் கேட்டுச் சத்துணவுக் கூடத்தின் அரிசி மூட்டை அடுக்கிய அறையைப் பயன்படுத்துங்கள். மூட்டைகள் எதிரொலியை நன்றாக உறிஞ்சிக்கொள்ளும்.

நீங்கள் குறிப்பிடாத ஒன்றையும் கேட்டாக வேண்டும். இந்தக் குழந்தைகளுக்குக் கேட்கும் திறனைச் சோதித்தீர்களா? காதில் சீழ் வடிந்த குழந்தையின் ஒலிப்பையும் நன்கு கேட்கும் குழந்தையின் ஒலிப்பையும் ஒன்றாகச் சேர்க்க முடியாது. 1,000, 2,000, 4,000 ஹெர்ட்ஸில் 20 டெசிபல் அளவில், கேட்கிறதா இல்லையா என்று மட்டும் பார்க்கும் வடிகட்டும் சோதனை போதும்; அதற்கும் அமைதியான அறை தேவை. தேறாத குழந்தையை ஆய்விலிருந்து நீக்கியதோடு விட்டுவிடாமல், பெற்றோரிடம் சொல்லி குழந்தைகளின் குறைபாடுகளைக் கவனிக்கும் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு எழுதிக் கொடுத்து அனுப்புங்கள்.

மன்னார்குடி மாணவி:

அக்காவுக்கும் ஐயா இருவருக்கும் மிக்க நன்றி. நிறமாலையைப் பார்த்துவிட்டேன், 4,000க்கு மேலே ஒன்றுமே இல்லை. கல்லூரியிலிருந்து, கேட்கும் திறனை அளக்கும் கையடக்க ஆடியோமீட்டரை இரவல் கேட்டிருக்கிறேன். பெரியவர்களையும் பதிவு செய்ய வேண்டுமென்றால் நெறிமுறைக் குழுவிடம் மீண்டும் போக வேண்டுமா? பதிவுகளில் ஒரு பகுதியை இன்னொருவரும் தனியே கேட்டு எழுதித் தர வேண்டும். அதற்கும் ஆள் இல்லை.

தஞ்சாவூர் பேச்சுப் பயிற்சியாளர்:

போகத்தான் வேண்டும், திருத்த விண்ணப்பமாகக் கொடுத்தால் போதும். அவர்களுக்கெனத் தனி ஒப்புதல் படிவம் இணையுங்கள். பெற்றோர் கையெழுத்தைத் தை, மாசிக்கு முன்பே வாங்கிவிடுங்கள். சம்பா அறுவடை தொடங்கிவிட்டால் பகலில் வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். இரண்டாவது கேட்பாளராக நான் இருக்கிறேன். கோப்புகளில் குழந்தைகளின் பெயரை நீக்கி எண் மட்டும் இட்டு, உங்கள் எழுத்துப்பெயர்ப்பை எனக்குக் காட்டாமல் அனுப்புங்கள்.