படம் 2002, பொம்மையின் முதுகில் 1999: என் பார்பி எந்தப் பார்பி?

மயிலைவாசி:
நவராத்திரிக்காகக் கொலுப் பெட்டிகளைப் பரணிலிருந்து இறக்கியபோது, பிளாஸ்டிக் பையொன்றில் கட்டி வைத்திருந்த என் சிறுவயது பார்பி கிடைத்தது. கணுக்கால் வரை கூந்தல் இருக்கிறது; உடை எப்போதோ தொலைந்துவிட்டது. தியாகராய நகரில் அப்பா வாங்கித் தந்த இந்தப் பொம்மையை மடியில் வைத்துக்கொண்டுதான், நீண்ட கூந்தலுக்குப் பெயர்பெற்ற தேவதைக்கதை நாயகி ராப்பன்ஸலாகப் பார்பி வரும் அனிமேஷன் படத்தை வி.சி.டி.யில் பலமுறை பார்த்தேன். ஆகவே இது படத்தோடு வந்த பொம்மை என்றே நம்பியிருந்தேன். ஆனால் படம் வெளிவந்தது 2002இல்; பொம்மையின் முதுகிலோ 1999 என்று பொறித்திருக்கிறது. அப்பா இன்று இல்லாததால் கேட்டறிய வழியில்லை. அறிந்தவர்கள் விளக்க வேண்டும். கால்கள் பிசுபிசுவென்று ஒட்டுவதற்கும் என்ன செய்யலாம் என்று சொன்னால் நன்றியுடையவளாவேன்.

பொம்மைப்பெட்டி:
அம்மா, முதுகில் உள்ளது பொம்மை செய்த ஆண்டு அன்று. அந்த உடலின் அச்சுக்கு, பார்பியைத் தயாரிக்கும் மேட்டல் நிறுவனம் உரிமை கோரிய ஆண்டு. ஓர் அச்சு அமைந்துவிட்டால் அதையே பல்லாண்டுகள் பயன்படுத்துவார்கள். இடுப்பு திரும்பும் பழைய உடலில் 1966 என்று இருக்கும். 1980களில் செய்த பொம்மைகளிலும் அதே எண் காணப்படுவதால், மிகப் பழையது என்று நம்பி அதிக விலை கொடுத்து வாங்கியவர்களை நான் அறிவேன். தலைக்குத் தனி அச்சு என்பதால் அதன் பின்புறம் வேறோர் ஆண்டுகூட இருக்கலாம்.

எனினும் அந்த எண் ஒன்றை உறுதியாகச் சொல்கிறது: உங்கள் பொம்மை 1999க்கு முற்பட்டது அன்று. படம் எதுவும் இல்லாமலே 1990களின் நடுவில் ஒரு ராப்பன்ஸல் பார்பி விற்பனைக்கு வந்திருந்ததால், கூந்தலை மட்டும் பார்த்தால் அதுவோ என்ற ஐயம் எழும். முதுகிலுள்ள எண் அதை நீக்கிவிடுகிறது. உங்கள் நினைவையும் சேர்த்துப் பார்க்கும்போது, இது படத்தின் பொம்மை என்பதே என் முடிவு.

திரைநேசன்:
எனக்கும் அதுவே சரியெனப் படுகிறது. 1959இல் அறிமுகமான பார்பிக்கு 1987இல் தொலைக்காட்சிச் சிறப்பு நிகழ்ச்சிகள் வந்திருந்தாலும், முதல் முழுநீளப் படம் 2001இல் வந்த ‘நட்கிராக்கர்’தான், அதற்கு அடுத்தது உங்கள் ராப்பன்ஸல். பொம்மையை விற்பதற்காகவே எடுக்கப்பட்டவை என்றாலும் அவற்றை எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. ‘நட்கிராக்கர்’ படத்துக்காக நியூயார்க் சிட்டி பாலே நடனக் கலைஞர்களின் அசைவுகளைப் பதிவு செய்துதான் கணினியில் பார்பியை ஆட வைத்தார்கள். சிறுவயதில் அந்த நடனத்தை அத்தனை முறை பார்த்தும் எனக்கு அலுக்காததற்கு அந்த உழைப்பே காரணம் என்று இப்போது புரிகிறது.

பரண்காவலர்:
பிசுபிசுப்பு அழுக்கு அன்று. பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக்கை வளையச் செய்வதற்காகச் சேர்க்கும் பொருள் காலப்போக்கில் மேற்பரப்புக்குக் கசிந்து வருகிறது. நம் ஊர்ப் பரணின் வெப்பமும் காற்றுப் புகாத பையும் அதை விரைவுபடுத்தியிருக்கும். வெதுவெதுப்பான நீரில் மென்மையான சோப்பைக் கரைத்துக் கழுவி, நிழலில் உலர்த்துங்கள். சில மாதங்களில் மீண்டும் கசியலாம். அப்போதும் இதையே செய்தால் போதும். நகப்பூச்சு நீக்கியைத் தொடவே வேண்டாம், முகத்தின் வண்ணம் போய்விடும். கூந்தலை நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிறிது சிறிதாகச் சிக்கெடுங்கள். பிறகு பருத்தித் துணியில் சுற்றி, பரணில் அல்லாமல் அலமாரியில் வையுங்கள். கொலுவில் வைப்பதாக இருந்தால், சீரியல் விளக்கின் சூடு படாமலும், வண்ணம் பூசிய காகிதக்கூழ் பொம்மைகளின் மேல் கால்கள் உரசாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். கசிவு பட்டால் அந்த வண்ணமும் ஒட்டிக்கொண்டு வந்துவிடும்.